4294967297: ஓர் எண்ணின் இயல்புகளும் வகைப்பாட்டில் சான்றின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு முழு எண்ணைப் பகா எண், பகு எண், குறைவெண், போலிப் பகா எண் எனப் பல பெயர்களால் வகைப்படுத்துவது எண் கோட்பாட்டின் வழக்கம். இப்பெயர்கள் அனைத்தும் ஒரே தரத்துச் சான்றால் கிடைப்பன அல்ல. சில எண்ணின் வடிவத்தைக் கொண்டே அறியத்தக்கன. சில காரணிகளைக் கண்டபின் மட்டுமே கூறத்தக்கன. வேறு சில, மற்றோர் எண்ணைத் துணையாகக் கொண்டு சோதிக்கும்போது மட்டுமே பொருள் பெறுவன. ஐந்தாம் ஃபெர்மா எண்ணாகிய 4294967297-ஐ எடுத்துக்கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஃபெர்மா எண்கள், ஆய்லர், பகாக் காரணி, போலிப் பகா எண், இரு வர்க்கங்களின் கூடுதல், பெப்பான் சோதனை.

முன்னுரை

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்து இலக்கங்கள் கொண்ட இவ்வெண் இன்றைய கணிப்பொறிக்கு மிகச் சிறியது. ஆயினும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இது பிழையான வகையில் வைத்து எண்ணப்பட்டது. பிழையாக வகைப்படுத்தியவர் கணிதம் அறியாதவர் அல்லர். எண் கோட்பாட்டைத் தனித் துறையாக உருவாக்கியவர்களுள் முதல்வராகிய பியர் டி ஃபெர்மா. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு நீங்கியது என்பவற்றைப் பின்தொடர்ந்தால், எண்களின் வகைப்பாடு என்பது எத்தகைய அறிவு என்பது தெளிவாகும்.

எண்ணின் பிறப்பு

2-ஐ அதன் அடுக்குகளாகிய 1, 2, 4, 8, 16, 32 ஆகியவற்றுக்கு உயர்த்தி, ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் வரிசை கிடைக்கும். முதல் எண்ணைச் சுழியாவது எனக் கொண்டு எண்ணுவது மரபு. அவ்வகையில் 4294967297 ஐந்தாவது ஆகிறது. அதன் வடிவம் 2³²+1.

1640-இல் ஃபெர்மா தம் கடிதங்களில் இவ்வரிசையின் எண்கள் யாவும் பகா எண்களே என்னும் தம் கருத்தைத் தெரிவித்தார். முதல் ஐந்து எண்களும் மெய்யாகவே பகா எண்கள். 65537-ஐச் சோதிக்க 256-க்கு உட்பட்ட 54 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். கையால் செய்யத்தக்க வேலைதான். அடுத்த எண்ணோ நிலைமையை மாற்றிவிடுகிறது. 65536-க்கு உட்பட்ட பகா எண்கள் 6542. அத்தனையாலும் பத்திலக்க எண்ணை வகுத்துப் பார்ப்பது ஒருவர் பொறுமையின் எல்லையைக் கடந்தது. தம்மிடம் முழுமையான சான்று இல்லை என்பதை ஃபெர்மாவும் அறிந்திருந்தார். 1654-இல் பாஸ்கலுக்கு எழுதிய கடிதத்தில் அதனை ஒப்புக்கொண்டும் இருக்கிறார். எனினும் கருத்தைக் கைவிடவில்லை.

1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக், லியோனார்டு ஆய்லருக்கு எழுதிய கடிதமொன்றின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இக்கூற்றை அறிவாரா என வினவினார். ஆய்லருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. முதலில் அவ்வளவாக ஆர்வம் காட்டாத அவர், 1732-இல் புனித பீட்டர்சுபர்க் அறிவியல் கழகத்தில் அளித்த கட்டுரையில் விடையைத் தந்தார்:

4294967297 = 641 × 6700417.

ஒரே ஒரு பெருக்கலால் ஒரு பொதுக் கூற்று வீழ்ந்தது.

641 எங்கிருந்து வந்தது?

ஆய்லர் ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே சென்று 641-ஐ எட்டினார் எனக் கருதுவது பிழை. இவ்வெண்ணின் வடிவமே அதன் காரணிகளைக் கட்டுப்படுத்துகிறது.

இரண்டு எண்களின் வேறுபாடு ஒரு குறிப்பிட்ட எண்ணால் மீதியின்றி வகுபடுமாயின், அவ்விரண்டும் அவ்வெண்ணை மட்டாகக் கொண்டு ஒருங்கிசைவன எனப்படும். 2³²+1-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது எனக் கொள்வோம். அப்பகா எண் மட்டில் 2³² என்பது −1-க்கு ஒருங்கிசையும். ஆகவே 2⁶⁴ என்பது 1-க்கு ஒருங்கிசையும். 64-க்குக் குறைந்த எந்த அடுக்கும் 1-ஐத் தராது என்பதையும் எளிதில் காட்டலாம். மறுபுறம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, பகா எண்ணில் ஒன்றைக் குறைத்துக் கிடைக்கும் எண்ணை அடுக்காகக் கொண்டாலும் 2-இன் மதிப்பு 1-க்கு ஒருங்கிசைய வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து, பகா எண்ணில் ஒன்று குறைந்தது 64-இன் மடங்காக இருத்தல் வேண்டும் என்னும் முடிவைத் தருகின்றன.

எனவே 65, 129, 193 என 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களுள் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. ஐந்தாவது முயற்சியில் காரணி அகப்பட்டுவிடுகிறது. பின்னர் 1878-இல் எதுவார் லூக்கா இக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கினார். 64 என்பதற்கு மாறாக 128-இன் மடங்கே வேண்டும் என்று காட்டினார். அவ்வாறாயின் 257, 641 என இரண்டே எண்கள். அவற்றுள் 257 மூன்றாம் ஃபெர்மா எண். எந்த இரு ஃபெர்மா எண்களுக்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை என்பதால் அதுவும் விலகிவிடுகிறது. 6542 வகுத்தல்களாகத் தோன்றிய வேலை ஒரே வகுத்தலாகச் சுருங்குகிறது.

இங்கே ஒரு வினா எழாமல் இராது. மேற்கண்ட வாதத்துக்குத் தேவையான தேற்றம் ஃபெர்மாவுக்கு உரியது. அதனையும் அவர் 1640-ஆம் ஆண்டிலேயே கடிதத்தில் குறிப்பிட்டார். அதே ஆண்டில் இதே முறையைக் கையாண்டு 2³⁷−1 என்னும் எண்ணுக்கு 223 ஒரு காரணி எனவும் கண்டறிந்தார். கருவி கையில் இருந்தும் 641 அவர் கண்ணுக்குத் தப்பியது. வகுத்தலில் நேர்ந்த ஒரு கணக்குப் பிழை என்பதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. முறை குறைபாடுடையதன்று, ஐந்து முறை உண்மையாகிய ஒழுங்கு ஆறாம் முறையும் உண்மையாகும் என்னும் நம்பிக்கை மறு கணக்கீட்டைத் தேவையற்றதாக்கியிருக்க வேண்டும்.

641 காரணி என்பதை வகுக்காமலே காட்டும் பிற்காலச் சான்றொன்றும் உண்டு. 641-ஐ இரு வகையில் எழுதலாம்: 5×2⁷+1 எனவும், 5⁴+2⁴ எனவும். முதல் வடிவத்தால், 641 மட்டில் 5×2⁷ என்பது −1-க்கு ஒருங்கிசையும். அதனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ என்பது 1-க்கு ஒருங்கிசையும். இரண்டாம் வடிவத்தால் 5⁴-க்கு ஈடாக −2⁴-ஐ இடலாம். எஞ்சுவது: −2³² என்பது 1-க்கு ஒருங்கிசையும். அதாவது 2³²+1 என்பது 641-ஆல் வகுபடும். வகுப்பறையில் பத்திலக்க வகுத்தலைவிட இந்நான்கு வரிகள் மாணவர் மனத்தில் நெடிது நிற்கும்.

மற்றொரு காரணியாகிய 6700417 பகா எண்ணா என்பதும் கேட்கத்தக்கதே. அதன் வர்க்கமூலம் 2588-ஐ விடச் சற்றே மிகுதி. 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய பகா எண்களுள் 2588-க்கு உட்பட்டவை 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்துமே. 257 முன்னரே விலக்கப்பட்டது. ஏனைய நான்கால் வகுக்கும்போது முறையே 44, 120, 334, 622 ஆகியவை மீதியாகின்றன. எனவே 6700417 பகா எண். காரணிப்படுத்தல் இத்துடன் முழுமை பெறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட்டிலிருந்து இலண்டனுக்கு அழைத்துவரப்பட்ட சேரா கோல்பர்ன் என்னும் சிறுவனிடம் இவ்வெண்ணின் காரணிகளைக் கேட்டபோது, அவன் மனக்கணக்காகவே 641-ஐக் கூறினான் என்னும் செய்தி கணக்கீட்டு வல்லுநர்களைப் பற்றிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. 1804-இல் பிறந்த அவனுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. அவன் எவ்வழியில் கண்டான் என்பது வேறு செய்தி. காரணி சிறியது என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வடிவத்தால் அறியப்படும் இயல்புகள்

2³²+1 என்னும் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வெண்ணைப் பற்றிப் பலவற்றைக் கூறலாம். இது ஒற்றை எண். ஈரடிமான முறையில் எழுதினால் இரு முனைகளிலும் 1, இடையே முப்பத்தொரு சுழிகள் என 33 இலக்கங்கள் கொண்டது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாதது. தமிழ்ச் சித்திரகவியில் மாலைமாற்று எனப்படும் அமைப்பின் எண் வடிவம் என இதனைக் கருதலாம். பத்தடிமானத்தில் இவ்வியல்பு இல்லை. எனவே இது எண்ணின் இயல்பா, எழுதும் முறையின் இயல்பா என்றால் பின்னதே என்பது விடை. எண்களின் இயல்புகளைத் தொகுப்போர் இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடுவது இன்றும் காணப்படும் குறை.

இவ்வெண்ணின் அண்டை எண்கள் இரண்டும் குறிப்பிடத்தக்கவை. ஒன்று குறைந்த 4294967296 என்பது 2³². முப்பத்திரண்டு இருமக் கூறுகள் கொண்ட கணிப்பொறிப் பதிவகத்தில் எழுதத்தக்க வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை அதுவே. அத்தகைய பதிவகத்தில் 4294967297-ஐ இட முயன்றால் மேலெழும் இலக்கம் உதிர்ந்து 1 மட்டுமே எஞ்சும். இரண்டு குறைந்த 4294967295 இன்னும் வியப்பானது:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537.

முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் இது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கு முந்தியவற்றின் பெருக்கற்பலனைவிட இரண்டு மிகுதி என்னும் இவ்வுண்மையிலிருந்தே, அவற்றுள் எவ்விரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்பதைக் கோல்ட்பாக் 1730-இல் பெற்றார். பொதுக் காரணி இருப்பின் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். ஒற்றை எண்களுக்கு அது இயலாது.

குறைவெண் என்னும் வகை இங்கே ஒரு நுட்பமான எல்லையில் நிற்கிறது. தன்னை நீக்கிய பிற வகுஎண்களின் கூடுதல் தன்னைவிடக் குறைவாயின் அது குறைவெண். காரணிகளைக் கண்டபின் இதனைச் சரிபார்ப்பது எளிது: 1+641+6700417 = 6701059; இது 429 கோடியைவிட மிகக் குறைவு. ஆனால் காரணிகளை அறியாமலும் இம்முடிவை அடையலாம். பகாக் காரணி ஒவ்வொன்றும் 128-ஐவிடப் பெரியது என்பதால் நான்குக்கு மேற்பட்ட பகாக் காரணிகள் இருக்க இடமில்லை. அவ்வளவு பெரிய நான்கு காரணிகளால் வகுஎண்களின் கூடுதல் எண்ணின் இருமடங்கை எட்ட வழியே இல்லை. காரணிகளைச் சார்ந்தது போல் தோன்றும் ஒரு வகை, வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது.

இரு வர்க்கங்களின் கூடுதல்

4294967297 = 65536² + 1² என்பது வடிவத்திலிருந்தே தெரிவது. பகா எண் ஒன்றை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமாயின் அது ஒரே ஒரு வழியில்தான் இயலும் என்பதை ஆய்லர் அறிந்திருந்தார். ஆனால் இவ்வெண்ணுக்கு இரண்டாம் வழியும் உண்டு:

4294967297 = 62264² + 20449².

இவ்வொரு வரியே இது பகு எண் என்பதற்குப் போதிய சான்று. காரணிகளையும் இதிலிருந்தே பெறலாம். 65536−62264 = 3272; 20449−1 = 20448; இவ்விரண்டின் மீப்பெரு பொது வகுத்தி 8. அடுத்து 65536+62264 = 127800; 20449+1 = 20450; இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. 8, 50 ஆகியவற்றின் பாதிகள் 4, 25. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 16+625 = 641. 3272-ஐ 8-ஆல் வகுக்க 409. 20448-ஐ 8-ஆல் வகுக்க 2556. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 6700417.

இவ்வெண்களுக்குள் மறைந்திருக்கும் ஒரு நெருக்கம் கவனிக்கத்தக்கது. 25×409 = 10225; 4×2556 = 10224. வேறுபாடு ஒன்றே. 65536²+1² என்னும் வடிவத்தில் உள்ள அந்த ‘1’ இவ்வேறுபாட்டிலிருந்து பிறந்தது. இவ்விரண்டின் கூடுதலாகிய 20449 மற்றொரு வடிவத்தில் வருகிறது.

போலிப் பகா எண் என்னும் வகை

பகா எண் ஒன்றில் ஒன்று குறைத்து அதனை 2-இன் அடுக்காகக் கொண்டால், அப்பகா எண் மட்டில் 1 கிடைக்கும் என்பது மேலே கண்ட சிறிய தேற்றம். இதனைச் சோதனையாகப் பயன்படுத்தினால் என்ன? 4294967297-இல் ஒன்று குறைந்தது 2³². அது 64-இன் மடங்கு. 2⁶⁴ என்பது இவ்வெண் மட்டில் 1-க்கு ஒருங்கிசைவது. எனவே சோதனையில் 1 கிடைத்துவிடுகிறது. பகு எண்ணாகிய இது, 2-ஐ அடிமானமாகக் கொண்ட சோதனையில் பகா எண் போலத் தேறுகிறது. இன்று பயன்படும் வலிமையான சோதனையிலும் 2 அடிமானமாயின் இது தேறிவிடும். 2³² என்பது −1-க்கு ஒருங்கிசைவதே அதற்குக் காரணம். ஃபெர்மா எண்கள் அனைத்தும் இச்சோதனையில் தேறும் என்பதால் இவ்வகை எண்களுக்கு 2 என்னும் சாட்சி பயனற்றது. தன்னையே கொண்டு கட்டிய எண்ணைப் பற்றி 2-இடம் சான்று கேட்பது முறையாகாது.

3-ஐச் சாட்சியாகக் கொண்டால் உண்மை வெளிப்படுகிறது. 1877-இல் பெப்பான் நிறுவிய தேற்றப்படி, 5 முதலான ஃபெர்மா எண் ஒன்று பகா எண்ணாக இருக்க, அவ்வெண்ணில் ஒன்று குறைத்துப் பாதியாக்கிய எண்ணை அடுக்காகக் கொண்ட 3-இன் மதிப்பு −1-க்கு ஒருங்கிசைய வேண்டும். அவ்வாறு ஒருங்கிசைந்தால் அது பகா எண்ணே. இங்கே அவ்வடுக்கு 2³¹. 3-இல் தொடங்கி முப்பத்தொரு முறை வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் இறுதியில் கிடைப்பது 10324303. அது −1 அன்று. அதனை மீண்டும் ஒரு முறை வர்க்கமாக்கினால் 3029026160, 1-உம் அன்று. எனவே இது பகு எண். முப்பத்திரண்டு வர்க்கமாக்கல்கள் கையால் செய்யத்தக்கவை. ஃபெர்மா 3-ஐ நாடியிருந்தால் ஆய்லருக்கு இவ்வேலை எஞ்சியிராது.

போலிப் பகா எண் என்னும் பெயர் எண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். 4294967297 ‘2-க்குப் போலி’; ‘3-க்குப் போலி அன்று’. அடிமானத்தைக் குறிப்பிடாமல் ஓர் எண்ணைப் போலிப் பகா எண் என்று எழுதுவது முற்றுப்பெறாத கூற்று.

வடிவியலில் இவ்வெண்

1796-இல் காவுஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்குப் பதினேழுகோணத்தை வரைய இயலும் என்று கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையெனில், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருந்தால் அத்தகைய பலகோணத்தை வரையலாம் என்பது அவர் 1801-இல் வெளியிட்ட பொது முடிவு. பிற பலகோணங்களை வரைய இயலாது என்பதற்கான சான்றை 1837-இல் வான்ட்செல் வெளியிட்டார். அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே. அவற்றால் ஆகும் பெருக்கற்பலன்கள் முப்பத்தொன்று. அவற்றுள் மிகப் பெரியது மேலே கண்ட 4294967295. ஆகவே 4294967295 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணம் கொள்கையளவில் வரையத்தக்கது; இரண்டு பக்கங்கள் மிகுந்த 4294967297 பக்கப் பலகோணம் வரைய இயலாதது. ஃபெர்மாவின் கூற்று உண்மையாயிருந்தால் இவ்வெண்ணிலேயே முப்பத்தொன்று அறுபத்துமூன்றாகப் பெருகியிருக்கும்.

காரணி அறியாப் பகு எண்கள்

4294967297-ஐப் பொறுத்தவரை வடிவம், சோதனை, காரணி ஆகிய மூவகைச் சான்றுகளும் ஒருங்கே கிடைக்கின்றன. அடுத்த எண்களில் அவை பிரிந்துவிடுகின்றன. ஏழாம் ஃபெர்மா எண் பகு எண் என்பது 1905-இல் பெப்பான் சோதனையால் உறுதியாயிற்று. அதன் காரணிகளோ 1970-இல்தான் கண்டறியப்பட்டன. இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகள், அது பகு எண் என்பதை ஐயமின்றி அறிந்தும், அதனை வகுக்கும் ஓர் எண்ணையேனும் எவராலும் காட்ட இயலவில்லை. 4294967297-க்கு வகுஎண்கள் நான்கு எனவும், அதனினும் சிறியவாய் அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 640×6700416 = 4288266240 எனவும் உறுதியாகக் கூற முடிகிறது. அதே வினாக்களுக்கு ஏழாம் எண்ணைப் பொறுத்தவரை அன்று விடை இல்லை.

ஐந்தாவது முதல் முப்பத்திரண்டாவது வரை உள்ள ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்பது நிறுவப்பட்டுள்ளது. அவற்றுள் இருபதாவதும் இருபத்துநான்காவதும் இன்றளவும் காரணி ஒன்றும் அறியப்படாமல் பகு எண்கள் என்னும் பெயரோடு மட்டும் நிற்கின்றன. முப்பத்துமூன்றாவது எண் எவ்வகை என்பதே தெரியவில்லை. ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண் உண்டா என்னும் வினாவும் திறந்தே கிடக்கிறது.